மோட்டார் சைக்கிளில் மலைநாட்டு யாத்திரை

யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு மலையென்பது கண்ணாற் காண்பதற்கு முன்னரே காதாற் கேட்டுப் பழகிய பொருளாகும். பெயரிலே மலையைத் தாங்கி நிற்கும் கீரிமலையிலும் வண்டி ஏறி இறங்கத்தக்க மலை யாதுமில்லை. பனந்தோப்புகளுக்கும் தரவைகளுக்கும் இடையே நேராய்ச் செல்லும் வீதிகளிலேயே நாம் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகின்றோம். எதிரே வருவது நெடுந்தூரத்திலேயே கண்ணுக்குப் புலனாகும். கைப்பிடியைத் தளர்த்தினால் வண்டி தானே ஓய்ந்து நிற்கும். இவ்வாறு சமநிலத்திற் பெற்ற பழக்கத்திற் பாதியே மலைநாட்டுக்குப் பயன்படும்; மற்றைப் பாதியைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏ9 வீதி 2009ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், நம் இளைஞர் சிறு சிறு குழுக்களாய் மோட்டார் சைக்கிளிலே கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் சென்று வருதல் வழக்கமாயிற்று. இஃது மகிழத்தக்கதே. தம் நாட்டைத் தாமே கண்டறிய விரும்புவோரைத் தடுத்தல் முறையன்று. எனினும், இவருட் பலர் வண்டிக்குப் பெற்றோல் இடுவதையும் விடுதிக்குப் பணம் சேர்ப்பதையுமே ஆயத்தம் எனக் கருதுகின்றனர். நாட்டின் அழகைக் காணச் சென்ற பிள்ளை நலமே மீளவேண்டும் என்று வாயில் நோக்கியிருக்கும் பெற்றோர் பலர் நம் பழைய மாணவருள் உளர். ஆதலின், இவ்விழா மலரிலே இப்பொருள்பற்றிச் சில கூறுதல் பயனுடைத்தென நினைக்கின்றோம்.

ஒரு வினையைத் தொடங்குமுன் எண்ணவேண்டியவற்றைத் திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களிலே அடுத்தடுத்து வைத்தனர். அவை அரசர்க்குரியனவாய்ப் பொருட்பாலில் அமைந்தவை. ஆயினும், இரண்டு சில்லுகளின்மேல் மலையேறப் புறப்படும் ஒருவர்க்கும் அம்முறையைவிடச் சிறந்த முறை வேறில்லை. நாமும் அவ்வரிசையையே பின்பற்றுவோம்.

வலியறிதல்

முதற்கண் வண்டியின் வலிமை. மலைநாட்டுக்குப் பெரிய வண்டியே வேண்டும் என்பது பலரது எண்ணம். நாள்தோறும் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் 125 அல்லது 150 கன சென்ரிமீற்றர் வண்டியே, நன்கு பேணப்பட்டதாயின், இவ்வழிக்குப் போதும். உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. நுவரெலியாவின் உயரமாகிய 1,868 மீற்றரிலே அது கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. எஞ்சின் பெற்றோலோடு காற்றையும் உண்டே உழைப்பதாதலின், அதன் வலிமையும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். ஆகவே, இருவரை ஏற்றிய சிறு வண்டி செங்குத்தான ஏற்றத்திலே இரண்டாம் கியரில், சிலவேளை முதலாம் கியரில், ஊர்ந்து செல்லுதல் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. அது பழுதன்று, இயற்கை.

ஏறுதற்கு வேண்டும் வலிமையைவிட இறங்குதற்கு வேண்டும் வலிமையே பெரிது என்பதைச் சமநிலத்தார் எளிதில் உணர்வதில்லை. வண்டியும் இருவரும் மூட்டையும் சேர்ந்து 250 கிலோகிராம் எனக் கொள்வோம். இப்பாரம் 1,000 மீற்றர் உயரத்திலிருந்து கீழிறங்கும்போது வெளிப்படும் சத்தி 24.5 இலட்சம் யூல். ஏழெட்டு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காற்றின் தடையும் எஞ்சினும் ஏற்காத பங்கு முழுவதையும் உள்ளங்கையளவான பிறேக்குகளே ஏற்கவேண்டும். அவை அளவுக்கு மீறிச் சூடேறினால் அவற்றின் பிடிமானம் குன்றும். எண்ணெயால் இயங்கும் தட்டுப் பிறேக்காயின், எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். அப்பொழுது பிடியை அழுத்தினும் வண்டி நில்லாது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை தாழ்ந்துகொண்டே வரும். ஆதலின், இரண்டாண்டுக்கு மேல் மாற்றாத எண்ணெயுடன் மலைக்குச் செல்லுதல் தகாது.

இதற்குப் பரிகாரம் யாதெனில், இறக்கத்திலே எஞ்சினையே முதற்றடையாகக் கொள்வதாம். ஏறுதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குக என்பது மலைச் சாரதிகளின் பழைய விதி. சிறு கியரில் வண்டி தன் எஞ்சினாலேயே இழுத்துப் பிடிக்கப்படும். பிறேக் இடையிடையே உதவினாற் போதும். பெற்றோலை மிச்சப்படுத்தலாம் என எண்ணி, எஞ்சினை நிறுத்தியோ கிளச்சைப் பிடித்தோ வண்டியைத் தானே உருளவிடுவோர் அத்தடையைத் தாமே கைவிடுகின்றனர். கியரில்லாத ஸ்கூட்டர்களிலே எஞ்சினின் இழுப்பு மிகக் குறைவு. அவற்றிற் செல்வோர் நீண்ட இறக்கங்களிலே அடிக்கடி நின்று பிறேக்கை ஆறவிட்டே செல்லல் வேண்டும்.

புறப்படுதற்கு ஒரு கிழமை முன்பாக வண்டியைத் திருத்துநரிடம் காட்டுக. முதல்நாள் மாலையிற் காட்டினால், கண்ட பழுதைத் திருத்தக் காலம் இராது. திருத்தியபின் ஓட்டிப் பார்க்கவும் இயலாது. இரு பிறேக்குகள், ரயர்களின் தேய்வு, சங்கிலியின் இறுக்கம், கிளச் கேபிள், முன்விளக்கு, பின்விளக்கு, ஹோர்ண் ஆகியவை பார்க்கவேண்டியவை. மாற்றுக் கிளச் கேபிள் ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒன்று, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சிறு கைவிளக்கு, சங்கிலிக்கு இடும் எண்ணெய் ஆகியன உடன் இருத்தல் நன்று. ஏனைய சுமையைக் குறைக்க. மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் கூறிய உவமையை மாணவப் பருவத்திலே கற்றோர் மறந்திரார். சுமை பின்சில்லுக்குப் பின்னே தொங்குமாயின், ஏற்றத்திலே முன்சில்லு இலேசாகி வண்டி நேர்வழியை விட்டு விலகும். ஆதலின், பாரமான பொருள்களைத் தாழவும் நடுவிலும் கட்டுக.

அடுத்தது ஓட்டுபவரின் வலிமை. சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம் ஆகிய மூன்றும் செல்லுபடியாவன எனப் பார்த்துக்கொள்க. 100 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வண்டிக்கு அதற்குரிய வகுப்பு அனுமதி வேண்டும். தலைக்கவசம் ஓட்டுபவர்க்கும் பின்னிருப்பவர்க்கும் சட்டப்படி கட்டாயமானது. மலையில்லாத ஊரிலும் மலைக்கான பயிற்சி ஒன்றைச் செய்யலாம்: வெறுந்தரை ஒன்றிலே, காலை நிலத்தில் ஊன்றாமல், நடக்கும் வேகத்தில் எட்டு என்னும் வடிவிலே வண்டியைச் சுற்றிப் பழகுக. கொண்டையூசி வளைவிலே வேண்டப்படும் திறமை அதுவேயாகும்.

காலமறிதல்

நாம் சோழகம் என்றும் வாடை என்றும் வழங்கும் இரு காற்றுகளே மலைநாட்டின் காலக்கணக்கனாம். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவிலே மோதிக் கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன் பகுதிகளில் மழையைக் கொட்டுகின்றது. அக்காலத்தில் மலைக்குக் கிழக்கேயுள்ள ஊவா வறண்டிருக்கும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவை நனைக்கும். அப்போது பதுளைப் பக்கம் ஈரமாயிருக்கும். இரண்டு சரிவுகளையும் ஒரே யாத்திரையிற் காண விரும்புவோர்க்கு, வாடை ஓய்ந்து அடுத்த மழை தொடங்காத மாசி மாதமும் பங்குனியின் முற்பகுதியும் உகந்தவை. சித்திரை வருடப்பிறப்பையொட்டி நுவரெலியாவிலே வசந்தகால விழாக் கூட்டம் பெருகும். அக்காலத்தில் வீதியும் விடுதியும் நிரம்பி வழியுமாதலின், அதனைத் தவிர்த்தல் நன்று.

முற்றாக விலக்கத்தக்கது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழைக்காலம். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தையை அடுத்த மீரியாபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய தித்வாப் புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எண்ணிறந்த இடங்களில் மண் சரிந்தது. நாடு முழுவதிலும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீதிகளும் பாலங்களும் புகையிரதப் பாதைகளும் உடைந்தன. வரைபடத்திற் காணும் வீதி நிலத்திலும் திறந்திருக்கின்றதா என்பதை அவ்வவ் ஊரிலே கேட்டறிந்த பின்னரே அடுத்த நாட்பயணத்தைத் தொடங்கல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று படிகளில் வெளியிடுகின்றது. செம்மஞ்சள் என்பது அவ்விடத்து மக்கள் வெளியேற ஆயத்தமாக வேண்டும் என்னும் பொருளுடையது. குடியிருப்போரே வெளியேற ஆயத்தமாகும் இடத்துக்கு உல்லாசப் பயணியாய்ச் செல்வது அறிவன்று.

ஆண்டின் காலம் இவ்வாறாக, நாளின் காலம் இன்னும் முக்கியமானது. நம் நாட்டிலே பகற்பொழுது எல்லா மாதங்களிலும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. மலைநாட்டிலோ, பிற்பகலில் மூடுபனியும் இடிமழையும் வந்து அதிலொரு பங்கைப் பறித்துக்கொள்ளும். 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவிலே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 4ஆந் திகதி எல்ல-வெல்லவாய வீதியிலே மற்றொரு பஸ் வீழ்ந்து பதினைந்து பேர் அளவில் மாண்டனர். முன்னது விடியுமுன்னும் பின்னது இரவிலும் நிகழ்ந்தவை. நாள்தோறும் இவ்வழிகளிலே தொழில் செய்வோர்க்கே இருள் இத்தகையதாயின், புதிதாய் வருவோர்க்கு எத்தகையதாகும்? ஆகவே, காலை ஏழு மணிக்குமுன் மலைவீதியில் இறங்காமையும் பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்தலும் விதியாகக் கொள்ளத்தக்கன.

இடனறிதல்

மலைவழியைக் கிலோமீற்றரால் அளப்பவர் ஏமாறுவர். அதனை மணியாலேயே அளத்தல் வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர். சமநிலத்திற் செல்லும் தூரத்தைப் போன்றதே இத்தூரமும் எனக் கருதி, ஒன்றரை மணி நேரத்தில் அடையலாம் என ஒருவர் கணக்கிடலாம். உண்மையில், மணிக்கு 25 கிலோமீற்றர் எனக் கணக்கிட்டு, தேநீருக்கும் காட்சிக்கும் ஒரு மணி நேரம் கூட்டினால், நான்கு மணி நேரம் ஆகும். கைத்தொலைபேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு அதிற் பாதியையும் கூட்டிக்கொள்ளுதல் நல்ல வழக்கம். மலைப்பகுதியில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஓட்டமே அளவு. வேறு வழியில்லாத நாளில் ஆறு.

இவ்வீதிகள் ஏன் இவ்வாறு நெளிகின்றன என்பதையும் அறிந்திருத்தல் நன்று. இவற்றுட் பல 19ஆம் நூற்றாண்டிலே கோப்பியையும், பின்னர் தேயிலையையும், தோட்டங்களிலிருந்து துறைமுகம் நோக்கிக் கீழிறக்குவதற்காக வெட்டப்பட்டவை. மாட்டுவண்டி ஏறக்கூடிய சாய்வைப் பெறுவதற்காக மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டினர். ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் பள்ளம், இடையே இரு வாகனங்கள் விலகுதற்கே மட்டான அகலம் என்பதே பல இடங்களில் நிலைமை.

அடுத்து எண்ணவேண்டியது சுற்றின் திசை. ஒரே வட்டத்தை இடமாகவும் சுற்றலாம், வலமாகவும் சுற்றலாம். வீதிகள் ஒன்றேயாயினும் இரண்டு யாத்திரைகளும் ஒன்றல்ல. சமநிலத்தார் செங்குத்தான பகுதிகளை ஏற்றமாகவும், இறக்கங்களைப் பல நாட்களுக்குப் பகிர்ந்தும் அமைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்திலே தவறினால் வண்டி நின்றுவிடும். இறக்கத்திலே தவறினால் வண்டி நில்லாது. இதனைக் கருத்திற்கொண்டே பின்வரும் எட்டு நாள் வழியை வகுத்துள்ளோம். தூரங்கள் யாவும் ஏறத்தாழக் கூறப்பட்டவை.

முதலாம் நாள்: யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு, வவுனியா வழியாகத் தம்புள்ளை, 250 கிலோமீற்றர். யாத்திரையின் நீண்ட பகுதிகளுள் இஃதொன்று. ஆனால் நிலம் சமமானது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க.

இரண்டாம் நாள்: தம்புள்ளையிலிருந்து மாத்தளை வழியாகக் கண்டி; 72 கிலோமீற்றர். வேண்டுமென்றே குறைவாக வைத்த நாள் இது. பிற்பகலிலே மூட்டைகளை விடுதியில் வைத்துவிட்டு, கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானை மலைவீதியில் ஏறி இறங்கிப் பழகுக. ஏற்றத்தில் நிறுத்தி, பின் பிறேக்கைக் காலாற் பிடித்தபடி கிளச்சை மெல்ல விட்டு மீண்டும் புறப்படும் வித்தையைச் சுமையில்லாத வண்டியிலேயே கற்றுக்கொள்ளலாம். பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அமைந்த தேயிலை நூதனசாலையும் அவ்வழியில் உள்ளது.

மூன்றாம் நாள்: கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா, 77 கிலோமீற்றர். 500 மீற்றர் அளவிலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் ஏறும் நாள். றம்பொடை நீர்வீழ்ச்சியும் கொத்மலை நீர்த்தேக்கமும் தேயிலைச் சரிவுகளும் வரிசையாய்த் தோன்றும். 1,000 மீற்றர் உயர வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். ஓடும் வண்டியில் வீசும் காற்று அதனை இன்னும் கூட்டும். கை விறைத்தாற் பிறேக் பிடிக்க இயலாது. ஆதலின், கையுறையும் கம்பளிச் சட்டையும் மழைச் சட்டையும் மூட்டையின் மேற்பகுதியில் இருக்கட்டும்.

நான்காம் நாள்: நுவரெலியாவிலிருந்து சீதாஎலிய, ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை வழியாக அப்புத்தளை, 60 கிலோமீற்றர். முதல் நீண்ட இறக்கம் ஹக்கலையைக் கடந்ததும் தொடங்கும். சீதையம்மன் கோயிலிலும், 1861ஆம் ஆண்டிலே சிங்கோனா பயிரிடத் தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தாவரவியற் பூங்காவிலும் நின்று செல்க. பிறேக்கும் அதற்குள் ஆறியிருக்கும்.

ஐந்தாம் நாள்: விடியற்காலை மூடுபனி எழுமுன் தம்பேத்தன்னை வழியாக லிப்ரன் இருக்கை எனப்படும் மலைமுகட்டுக்குச் சென்று மீள்க. வீதி மிக ஒடுங்கியது. தொழிலாளர் நடமாட்டம் உள்ளது. பின்னர் எல்ல, தெமோதரை வழியாகப் பதுளை; அப்புத்தளையிலிருந்து 45 கிலோமீற்றர். தெமோதரைக்கு அண்மையில் 1921ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம் உள்ளது. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியை நம் வழியில் வேண்டுமென்றே சேர்த்திலோம்.

ஆறாம் நாள்: பதுளையிலிருந்து துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிப் பக்கமாக மகியங்கனைக்கு இறங்கி, அங்கிருந்து ஹசலக்கையைக் கடந்து, பதினெட்டு வளைவு என்று புகழ்பெற்ற மலைவழியிலே ஏறி, ஹுன்னஸ்கிரி வழியாகக் கண்டி, 135 கிலோமீற்றர். மலைப்பகுதியில் இதுவே நெடிய நாள். களைத்தவர்கள் மகியங்கனையிலே தங்குக. அவ்வளைவுகளை இறங்குவோர் அடையும் அச்சத்தைக் காண்போர், நாம் ஏன் ஏறுமாறு திசையை வகுத்தோம் என்பதை உணர்வர்.

ஏழாம் நாள்: இதற்கு வேலையில்லை. மழை, வண்டிப் பழுது, காய்ச்சல், மூடிய வீதி ஆகியவற்றுக்கென ஒதுக்கிய மிகை நாள் இது. இந்நாள் இல்லாத திட்டத்திலே, ஒரு நாள் தவறினால் அதனை ஈடுசெய்ய மறுநாள் இருளிலும் மழையிலும் ஓடவேண்டி நேரும். விபத்துக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் அந்த அவசரமே. மிகை நாள் செலவாகாது மீந்தால், திரும்பும் வழியிலே வவுனியாவில் ஓரிரவு தங்கலாம்.

எட்டாம் நாள்: கண்டியிலிருந்து யாழ்ப்பாணம், 321 கிலோமீற்றர். மாத்தளையைக் கடந்தபின் சமநிலம்.

வீதியில் ஒழுகும் முறை

வேகத்தை வளைவுக்கு முன் குறைக்க. வளைவினுள்ளே குறைக்க முயல்வோர் வழுக்கி வீழ்வர். கண் செல்லும் இடத்துக்கே வண்டியும் செல்லுமாதலின், பள்ளத்தை நோக்காது வளைவின் முடிவை நோக்குக. இடப்புறத்தை விடாது செல்க. கொண்டையூசி வளைவிலே பெரிய பஸ்ஸுக்கு வீதி முழுவதும் வேண்டும். அதன் ஹோர்ண் ஒலி கேட்டால் வளைவுக்கு முன்னேயே ஓரமாய் நின்று வழிவிடுக. ஒடுங்கிய இடத்திலே இறங்குபவர் ஏறுபவர்க்கு வழிவிடுதல் மலைவீதி மரபு. மூடுபனியிலே உயர்ந்த ஒளி பனியிற்பட்டுக் கண்ணையே கூசச்செய்யும். தாழ்ந்த ஒளியே உதவும். மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களில் வீதியிற் படிந்த எண்ணெயும் புழுதியும் கலந்து மிகவும் வழுக்கும். அப்பொழுது ஒதுங்கி நின்று ஒரு தேநீர் அருந்துதல் நேரக் கேடன்று. வெட்டிய மலைச் சுவரிலே புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி ஓடும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அவ்விடத்திலே நில்லாது அகல்க.

குழுவாய்ச் செல்வோர் மூன்று நான்கு வண்டிகளுக்கு மேற் சேரவேண்டாம். மெல்லச் செல்பவரை முன்னே விடுக. ஒவ்வொரு சந்தியிலும் பின்னால் வருபவர் கண்ணிற் படும்வரை நிற்க. புறப்படுமுன் எல்லாரும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொள்க: குழுவில் ஒருவர் 'இன்று இவ்வளவு போதும்' என்றால், காரணம் கேளாது அனைவரும் நிற்றல் வேண்டும். மழையிலே நிற்கலாமா, இருட்டுமுன் மலையைக் கடக்கலாமா என்று வீதியோரத்தில் வாதிடும்போது துணிந்தவர் சொல்லே வெல்லும். அஞ்சியவர் வாய் திறவார். வீட்டில் இருந்தபோதே செய்த உடன்படிக்கை அஞ்சியவர்க்கு வாய் தரும். நாள்தோறும் மாலையில் எந்த ஊரிலே தங்கியிருக்கின்றோம் என்பதை வீட்டாருக்கு அறிவிப்பதும் கடமையாம். இலவச நோயாளர் வண்டிச் சேவைக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்னும் இலக்கங்களை ஒவ்வொருவரும் எழுதி வைத்திருக்க.

மலைநாட்டு மக்கள்

இறுதியாக ஒன்று கூறுவோம். நாம் இரண்டாம் நாளிலே தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இரண்டு மணி நேரத்திற் செல்லும் வழி, 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டினூடே கால்நடையாய் வந்த வழியின் ஒரு பகுதியாகும். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. மலைவீதிகளை வெட்டியோருள் இராசகாரிய முறையாற் பணிக்கப்பட்ட சிங்களக் கிராமத்தவரும் தென்னிந்தியத் தொழிலாளரும் இருந்தனர். தோமஸ் ஸ்கின்னர் முதலிய ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. கல்லை உடைத்தோரின் பெயர்கள் இல்லை. நாம் வளைந்து வளைந்து ஏறும் ஒவ்வொரு வளைவும் அவர்களின் கைவேலையாகும்.

ஆதலின், தேயிலைச் சரிவு நமக்குக் காட்சியாயினும், அங்கே நிற்பவர்க்கு அது வேலைத்தலம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். கொழுந்து பறிப்பவரைக் கேளாது படம் பிடித்தலும், லயங்களின் முன்னே எஞ்சினை முழக்கிச் செல்லுதலும், பாடசாலை விடும் நேரத்திலே தோட்ட வீதியில் விரைதலும் கல்வி கற்றோர்க்கு அடாதவை. விடுதியிலே கேட்டறிய முடியாததை வீதியோரத் தேநீர்க் கடையிலே கேட்டறியலாம். எந்த வளைவில் மண் சரிந்தது, எந்தப் பாலம் நீரில் மூழ்கும், எத்தனை மணிக்குப் பனி இறங்கும் என்பவற்றை அங்குள்ளோர் அறிவர். நம் மொழியிலேயே சொல்வர். திருவள்ளுவர் கூறிய துணைவலி என்பது இவ்வழியிலே அவர்களே.

கூறியவற்றைச் சுருக்கின், மலைவழிக்குத் திட்டமிடுதலாவது தூரத்தை வெல்லும் உபாயம் தேடுதலன்று. ஒவ்வொரு நாளும் முடியும்போது சிறிது வெளிச்சமும், சிறிது பெற்றோலும், சிறிது உடல்வலிமையும் எஞ்சி நிற்குமாறு நாளை வகுத்தலேயாகும். அவ்வாறு எஞ்சியதே ஆபத்து நேரும்போது கைகொடுக்கும். மழை கண்டு நின்றவரையும், வழி மூடக் கண்டு திரும்பியவரையும் எவரும் எள்ளுதல் வேண்டாம். றம்பொடையும் அப்புத்தளையும் அடுத்த மாசியிலும் அங்கேயே இருக்கும். திரும்பி வந்தவர் மீண்டும் செல்லலாம்.